தொண்ணூறு நாளுக்கும் நூற்றிருபது நாளுக்கும் நடுவே: பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம், ஒரு மதிப்புரை

முதலமைச்சரின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் என் தம்பியின் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் வைப்புத்தொகைப் பத்திரம் கைக்கு வந்துவிட்டது. விளவங்கோடு வட்டத்தில் குடியிருக்கும் அந்தக் குடும்பத்துக்காக இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், சமூகநலத் துறை என்று எல்லா இடத்துக்கும் உடன் சென்றவள் என்ற முறையில், இந்தச் சேவை குமரி மாவட்டத்தில் எப்படி நடக்கிறது, எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே ஏழைக் குடும்பம் தடுக்கி விழுகிறது என்பதை விரிவாக எழுதுகிறேன். திட்டம் நல்ல திட்டம். தகுதியுள்ள எவரும் இதை விட்டுவிடக் கூடாது. ஆனால் அதன் வருமான வரம்பும், அதே குடும்பம் நம்பியிருக்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் வேலைநாள் நிபந்தனையும் ஒன்றையொன்று பார்க்காமல் வகுக்கப்பட்டவை என்பதை ஒவ்வொரு மேசையிலும் உணர்ந்தேன்.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பெண் குழந்தை மட்டும் உள்ள குடும்பத்துக்கு அந்தக் குழந்தையின் பெயரில் 50,000 ரூபாயும், இரண்டு பெண் குழந்தைகள் மட்டும் உள்ள குடும்பத்துக்கு ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் 25,000 ரூபாயும் தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனத்தில் அரசு வைப்பாக இடுகிறது. குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைந்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் எழுதியிருந்தால், வட்டியோடு முதிர்வுத்தொகை கிடைக்கும். வைப்பிட்ட ஆறாம் ஆண்டிலிருந்து கல்விச் செலவுக்கென்று ஆண்டுக்கு 1,800 ரூபாயும் உண்டு. ஆண் குழந்தை இருக்கக் கூடாது. பெற்றோரில் ஒருவர் குறிப்பிட்ட வயதுக்குள் குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்திருக்க வேண்டும். ஒரே குழந்தையானால் அதற்கு மூன்று வயது ஆவதற்குள், இருவரானால் இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

1992-ஆம் ஆண்டில் இது தொடங்கப்பட்டபோது சேலம், தருமபுரி, மதுரைப் பகுதிகளின் பெண் சிசுக்கொலைதான் அரசின் கண்முன் இருந்தது. குமரியின் நிலை வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள் இருந்த மாவட்டம் இது. எழுத்தறிவிலும் மாநிலத்தில் முதலிடம். ஆகவே இங்கே இந்தப் பணத்தின் பயன் பெண்ணைக் காப்பாற்றுவதைவிட, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணைக் கல்லூரிக்கோ நர்சிங் படிப்புக்கோ அனுப்பும் நேரத்தில் தங்க நகையை அடகு வைக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது.

இனி வருமான வரம்புக்கு வருகிறேன். முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்த வரம்பு இப்போது 1,20,000 ரூபாய். மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பம் இத்திட்டத்தின் கணக்கில் உதவி தேவைப்படாத குடும்பம். வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் வருமானச் சான்றுதான் இதற்கு ஆதாரம். அதற்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். விண்ணப்பம் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளரிடமும் சென்று, பிறகு வட்ட அலுவலகத்தில் ஒப்புதல் பெறுகிறது. ஒவ்வொரு கட்டமும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருவது உண்மையிலேயே பெரிய வசதி. முன்பெல்லாம் மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கே ஒருநாள் கூலியை இழக்க வேண்டியிருந்தது.

ஆனால் முதல் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. என் தம்பி கொத்தனார். கிராம நிர்வாக அலுவலகத்தில் அவனிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி?"

"ஆயிரம் சார்."

அந்த ஆயிரத்தை முந்நூறால் பெருக்கி, ஆண்டு வருமானம் மூன்று இலட்சம் என்று முடிவாகிவிட்டது. மழை பெய்தால் பூச்சுவேலை கிடையாது என்பதும், தென்மேற்கும் வடகிழக்கும் ஆகிய இரண்டு பருவமழையும் முழுதாகப் பெய்யும் மாவட்டத்தில் கட்டுமானத் தொழிலாளிக்கு முந்நூறு நாள் வேலை என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கும் என்பதும் அந்தப் பெருக்கலில் இல்லை. அது மட்டுமன்றி, அந்த ஆண்டு அவன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டு நெடுநாள் படுத்திருந்தான். "அஞ்சாறு மாசமா வேலைக்கே போகல சார்" என்று அவன் சொன்னதற்கு, அதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்விதான் பதிலாக வந்தது. நியாயமான கேள்வி என்றுதான் சொல்வேன். கூலித் தொழிலாளியிடம் சம்பளச் சீட்டு இருக்காது என்று தெரிந்த பிறகு அதற்கு மாற்றாக எதைக் கொண்டுவரலாம் என்பதையும் அதே மேசையில் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் குறை.

மாற்றைக் கண்டுபிடித்தவள் தம்பியின் மனைவி. "மைனி, அவிய வேலநாள் எழுதி வச்ச சிட்டை பீரோவுல கிடக்கு" என்று எடுத்து வந்தாள். சட்டைப் பையில் அடங்கும் அளவிலான அந்தச் சிட்டையில் வாரத்துக்கு ஒரு பக்கம். வேலைக்குச் சென்ற நாளுக்கு ஒரு கோடு. அரைநாள் வேலைக்குப் பாதிக் கோடு. மழையால் நின்ற நாளுக்குச் சுழி. சனிக்கிழமைதோறும் மேஸ்திரியிடம் வாங்கிய தொகையும், முன்பணமாகப் பிடித்த தொகையும் அடியில் எழுதப்பட்டு, பக்கவாட்டில் மேஸ்திரியின் சுருக்கொப்பம் இருந்தது. சிமெண்டு படிந்த விரல்களின் தடம் ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் தெரிந்தது. விழுந்த வாரத்துக்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. கோடுகளைக் கூட்டினால் ஆண்டு முழுவதும் நூறு நாளைச் சற்றுத் தாண்டியது. இந்தச் சிட்டையையும் மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டையும் இணைத்து மீண்டும் விண்ணப்பித்தபோது, வருவாய் ஆய்வாளர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தொகையைத் திருத்தி மேலே அனுப்பினார். அவருடைய பொறுமைக்கு என் மனமார்ந்த நன்றி உண்டு. சட்டப்படி இந்தச் சிட்டை ஓர் ஆவணமே அல்ல; ஆனால் அந்தக் குடும்பத்தின் உண்மையான வருமானம் வேறு எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இந்தச் சான்றுக்காக நாங்கள் அலைந்துகொண்டிருந்த அதே வேளையில், தம்பியின் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவும் புதுப்பிப்புக்கு வந்தது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் வசூலிக்கப்படும் வரியிலிருந்து இந்த வாரியம் நடக்கிறது; பதிவுபெற்ற தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, பெண் தொழிலாளிக்கு மகப்பேறு உதவி என்று குழந்தைகளைச் சார்ந்த பல உதவிகள் இதன் வழியாகவே வருகின்றன. இங்கே வருமான வரம்பு இல்லை. அதற்குப் பதிலாக வேலைநாள் நிபந்தனை இருக்கிறது. கட்டடத் தொழிலாளருக்கான சட்டப்படி, பதினெட்டிலிருந்து அறுபது வயதுக்குள், கடந்த பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 90 நாள் கட்டுமான வேலை செய்திருந்தால்தான் பயனாளியாகப் பதிவு பெற முடியும். பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால், தொழிலாளியோடு சேர்ந்து அவருடைய பிள்ளையின் படிப்பு உதவியும் நின்றுவிடும்.

இப்போது இரண்டு நிபந்தனைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நாளுக்கு ஆயிரம் ரூபாய் கூலி வாங்கும் ஒருவர் மட்டுமே உழைக்கும் குடும்பத்தில், 1,20,000 ரூபாய் என்பது 120 நாள் வேலை. தொண்ணூறு நாளுக்குக் குறைந்தால் வாரியத்தின் கணக்கில் அவர் தொழிலாளி அல்லர். நூற்றிருபது நாளைத் தாண்டினால் சமூகநலத் துறையின் கணக்கில் அவர் ஏழை அல்லர். இரண்டு உதவியும் அவருடைய குழந்தைக்குக் கிடைக்க வேண்டுமானால், ஆண்டில் அந்த முப்பது நாள் இடைவெளிக்குள் அவருடைய உழைப்பு நின்றிருக்க வேண்டும். மனைவியும் வேலைக்குச் சென்றால் அந்த இடைவெளியும் இல்லாமல் போகும். என் தம்பியின் குடும்பம் அதற்குள் வந்ததற்குக் காரணம் அவன் விழுந்ததும், முந்திரி ஆலைக்குச் சென்றுகொண்டிருந்த அவன் மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்ததுமே. அதே மேஸ்திரியிடம் வேலை செய்யும், அதே அளவு வீட்டில் குடியிருக்கும், இரண்டு பெண் குழந்தைகளே உள்ள இன்னொருவர் அந்த ஆண்டு விழாமல், நோயில்லாமல் வேலை செய்தார். அவர் விண்ணப்பிக்கவே முடியவில்லை. அவருடைய பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதில் பணம் தேவைப்படாது என்று யாராலும் சொல்ல முடியுமா? குழந்தைக்கு ஒன்றோ இரண்டோ வயதிருக்கும்போது தகப்பனுக்கு அந்த ஓர் ஆண்டில் என்ன வந்தது என்பதை வைத்து, பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் உதவியைத் தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு முரண்பாடு இதைவிடக் கூர்மையானது. வருமானச் சான்று வழங்கும்போது தொழிலாளி ஆண்டு முழுவதும் வேலை செய்ததாக வைத்துக்கொள்கிறார்கள். வாரியத்தில் பதியும்போது தொண்ணூறு நாளாவது வேலை செய்தீரா என்று ஆதாரம் கேட்கிறார்கள். ஒரே மனிதனின் ஒரே ஆண்டுதான். வேலை அளித்தவரோ தொழிற்சங்கமோ தரும் பணிச்சான்று வாரியத்துக்குத் தேவை. களியக்காவிளையைத் தாண்டி பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் காலை பேருந்தில் சென்று மாலை திரும்பும் நம் பகுதித் தொழிலாளிகளுக்கு அங்குள்ள ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்டுத் தருவது அரிது. அங்கே கூலி கூடுதல் என்பதால் வருமானக் கணக்கு மட்டும் உயர்ந்துவிடுகிறது.

கொத்தனார்களோடு இது நிற்பதில்லை. கீரிப்பாறை, மணலோடைப் பக்கங்களில் ரப்பர் பால்வெட்டுக்குச் செல்பவர்களுக்கு மழைநாளிலும் இலையுதிர் காலத்திலும் வெட்டு நின்றுபோகும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முந்திரி ஆலைகளில் கொட்டை வரத்தைப் பொறுத்துத்தான் உடைப்பும் தோலுரிப்பும் நடக்கும். மாதச் சம்பளக்காரரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட ஆண்டு வருமானம் என்ற அளவுகோல் இவர்களில் எவருக்கும் பொருந்தாது.

முந்திரி ஆலைப் பெண்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேறுகால உதவியில்தான் வேலைநாள் நிபந்தனை மிகவும் உறைக்கிறது. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ள பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழு ஊதியத்துக்கு இணையான தொகை கிடைக்கும். அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) குறைந்தது 70 நாளுக்காவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.-க்கு வெளியே உள்ள நிறுவனத்தில் சட்டப்படி பேறுகால விடுப்பு பெற, பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். எழுபது, எண்பது என்பவை குறைந்த எண்ணிக்கைதான். ஆலை தொடர்ந்து நடந்தால் நான்கு மாதத்துக்குள் நிறைந்துவிடும். ஆனால் ஆலை இரண்டு மாதம் மூடிக் கிடந்து, கர்ப்பத்தின் தொடக்கத்தில் வாந்தியும் மயக்கமுமாக அவளும் சில வாரம் வீட்டில் இருந்தால், அந்தக் குறைந்த எண்ணிக்கையும் எட்டாமல் போகிறது. ஆகவே கர்ப்பம் உறுதியான உடனேயே தன் பெயரில் எத்தனை நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஆலை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்வேன்.

இவற்றோடு ஒப்பிடும்போது மத்திய அரசின் மகப்பேறு உதவியான பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் தகுதியை எப்படித் தீர்மானிக்கிறது என்பது பாராட்டத்தக்கது. அங்கே குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு இலட்சத்துக்குள் என்பது ஒரு வழி மட்டுமே. அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் அட்டை, நூறுநாள் வேலை அட்டை, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர் குடும்ப அட்டை, பட்டியல் சாதி அல்லது பழங்குடிச் சான்று, மாற்றுத்திறனாளிச் சான்று ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும். தமிழ்நாட்டில் இது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, ரொக்கமாக 14,000 ரூபாயும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக 4,000 ரூபாய் மதிப்புள்ள பொருள்களும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்குக் கிடைக்கிறது. கையில் ஏற்கெனவே உள்ள ஓர் அட்டையைக் காட்டித் தகுதியை நிறுவ முடியும் என்பதால், கடலுக்குச் செல்லும் குடும்பத்துப் பெண்ணும் தோட்டத்தில் பால்வெட்டும் பெண்ணும் வருமானச் சான்றுக்காக அலைய வேண்டியதில்லை. பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்திலும் நல வாரிய அட்டையையே தகுதிக்கு ஆதாரமாக ஏற்றுக்கொண்டால், நான் மேலே சொன்ன முப்பது நாள் இடுக்கு அன்றே மறைந்துவிடும். தொழிலாளி என்று அரசே பதிந்து கொடுத்த அட்டை அது. அதைவிட நம்பகமான சான்று வேறு என்ன வேண்டும்?

வரம்பே இல்லாத உதவிகளும் மாவட்டத்தில் உள்ளன; அவை எவ்வளவு அமைதியாக நடக்கின்றன என்பதைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். அங்கன்வாடியில் குழந்தையைச் சேர்க்க எவரும் வருமானம் கேட்பதில்லை. பள்ளியில் காலை உணவுக்குச் சான்று இல்லை. கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 2024 டிசம்பர் 30 அன்று அது அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்துக்கு இது மிகப் பெரிய நன்மை. மாறாக, தந்தையை இழந்த குழந்தைகள் போன்றோருக்கு மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா வழியாக மாதம் 4,000 ரூபாய் வழங்கும் நிதி ஆதரவுக்குக் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய், நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய் என்று வருமான வரம்பு இருக்கிறது. கிராமத்தில் கணவரை இழந்த ஒரு தாய் மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் சம்பாதித்தாலே அதை இழக்கிறாள். இந்த வரம்பை உயர்த்துவது மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது.

மீண்டும் எங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறேன். வருமானச் சான்று கிடைத்த பிறகு மற்றவை எளிதாகவே நடந்தன. ஆண் குழந்தை இல்லை என்ற சான்றும் இருப்பிடச் சான்றும் இடையூறின்றி வந்தன. அறுவைச் சிகிச்சைச் சான்றை அரசு மருத்துவமனையில் உடனே தந்தார்கள். விசாரணைக்கு வீட்டுக்கு வந்த ஊர்நல அலுவலர் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சான்றிலும் தாயின் பெயரும் முதலெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஆதாரில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றில் வேறு விதமாகவும் இருந்த எழுத்துப் பிழையை அவர்தான் கண்டுபிடித்து, பத்திரம் அச்சாவதற்கு முன் திருத்தும்படி சொன்னார். இப்படி ஓர் அலுவலர் இருக்கும் ஒன்றியத்து மக்கள் பாக்கியசாலிகள். காலதாமதம் இருந்தது, நிதி ஒதுக்கீடு வந்த பிறகே பத்திரம் வரும் என்பதால் பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

திட்டத்தின் பயனுக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். இ-சேவை வழியான நடைமுறைக்கு நான்கு. வருமானத்தைக் கணக்கிடும் முறைக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

விண்ணப்பிக்கப் போகும் கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: குழந்தை பிறந்த நாளிலிருந்தே வேலைநாளைச் சிட்டையில் எழுதி, வாரந்தோறும் மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வருமானச் சான்றுக்கும் வாரியப் புதுப்பிப்புக்கும் அதுவே துணை. வரம்பைத் தாண்டிவிட்டவர்கள் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும், வருமானம் கேட்கமாட்டார்கள். ஆனால் அது உங்கள் சொந்தச் சேமிப்பு, அரசின் வைப்பு அல்ல. பத்திரம் கிடைத்தவர்கள் குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் அன்றே சரிபார்த்து, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஐந்தாண்டு முடிந்ததும் 1,800 ரூபாய் பற்றிச் சமூகநலத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.